துலுக்கானம் இறங்க மாட்டார்

1

"எறங்கு நைனா. சொல்றது காதுல உயல?"

"காது நல்லா கீது. காலு அத்தவிட நல்லா கீது. நீ போயி மடையத் திருப்பு."

"எந்த மடைய? கடைசிப் பாத்தி காஞ்சி வெடிச்சினு கீது. தண்ணி வந்தாத்தான திருப்பறதுக்கு? நாயக்கரு வந்துகினு கீறாரு. அவரு வாயால சொல்றதுக்கு மின்ன நீயே எறங்கிடு."

"வரட்டும். மேலருந்து பாத்தா அவரு தலையில வழுக்க நல்லாத் தெரியும். யாருக்கு வயசாச்சின்னு அவரையே கேக்கறேன்."

இந்தக் கதை இப்படித்தான் என்னிடம் வந்தது. நான் தேடிப் போகவில்லை. பாரிவாக்கத்தில் எங்கள் கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் மணவாள நாயக்கரின் கிணறும் கத்திரித் தோட்டமும். முருங்கைக்கீரை ஆய்வதற்கு வேலியோரத்தில்தான் நல்ல நிழல். (நிழல் வேறு இடங்களிலும் உண்டு. அங்கே உட்கார்ந்தால் எதுவும் கேட்காது.)

ஏற்றமரத்தின் மேல் நின்று பதில் சொன்னவர் துலுக்கானம். கீழே மண்வெட்டியோடு நின்று கத்தியவள் அவருடைய மகள் பொன்னியம்மா. பாத்திகளுக்குத் தண்ணீர் திருப்பும் வேலை அவளுக்கு. கிணற்று வாயில் தண்ணீர் இறைக்கும் சாலைப் பிடித்தபடி ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றவர் சின்னசாமி, துலுக்கானத்தின் செத்துப்போன மனைவிக்கு அண்ணன். இவரை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஊரும் கவனிக்கவில்லை. கீரையில் இருந்த பூச்சியைக்கூட விடாமல் பார்த்த நானும் கவனிக்கவில்லை.

2

கதையை இப்படித் தொடங்கலாம் என்று முதலில் நினைத்தேன்:

"யுத்தகாலத்தில் ஒரு மாலை, செவ்வானத்தைத் தொட்டபடி ஒரு முதியவர்..."

(அடித்தாயிற்று. அப்பனும் மகளும் சண்டை போட்டது காலையில். செவ்வானத்துக்கு நான் எங்கே போவேன்?)

"முதுமை என்பது..."

(இதையும் அடித்தாயிற்று. இப்படித் தொடங்குகிறவர்கள் எல்லோரும் இன்னும் கிழவராகாதவர்கள்.)

குழாயைத் திருகித் தண்ணீர் பிடிக்கும் பட்டணத்து வாசகர்களுக்காக ஒரு விளக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன். ஏற்றமரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் உள்ளே இறங்கும். திரும்பி நடந்தால் தண்ணீரோடு மேலே வரும். கீழே இருப்பவர் அதைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். பாட்டும் அவர்தான் பாடுவார். அவர் பாட்டின் அடுத்த அடியை எடுத்தால்தான் மேலே இருப்பவர் அடுத்த நடை நடக்கலாம். பாட்டை முந்தினால் மரம் எகிறும். எகிறினால் மேலே இருப்பவர் கீழே இருப்பார்.

ஆனால் ஊர்க்கண்ணுக்குத் தெரிவது மேலே இருப்பவர்தான். பூந்தமல்லிப் பாதையில் போகிற வண்டிக்காரனுக்குக்கூட துலுக்கானம் வானத்தில் நடப்பது தெரியும். தண்ணீர் குறைந்தால் "கெயவனுக்குக் காலு போச்சி" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டுவான்.

துலுக்கானத்துக்கு என்ன வயது என்று அவருக்கே தெரியாது. "எம்டன் பட்டணத்துல குண்டு போட்டப்ப எனக்கு மூணு புள்ளங்க" என்பார் ஒரு நாள். இன்னொரு நாள், அதே குண்டுக்கு அவர் கல்யாணமாகாத பையனாகிவிடுவார். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது அது.

3

நாயக்கர் வந்தார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களிடம் இருந்துதான் இந்த மாதிரிப் பேச்சு வரும்.

"துலுக்கானம், நீ ஒழைச்சது போதும். கேவுரு கொல்லையில பரண் கட்டச் சொல்றேன். நெயல்ல குந்திகினு குருவி ஓட்டு. கூலி கொறைக்க மாட்டேன்."

துலுக்கானத்தின் முகம் அப்போதுதான் மாறியது. பாரிவாக்கத்தில் பரண் என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஒரு ஓட்டைத் தகரமும் குச்சியும் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். அதன்பிறகு அந்த ஆளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "தகரம்" என்பார்கள். அந்தத் தகரச் சத்தத்துக்குக் குருவிகள் பயப்படுவதைவிட ஊரில் நரைத்தவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

"குருவி என்ன ஒண்ணியும் பண்ணல நாயக்கரே. நான் ஏன் அத்த ஓட்டணும்?"

"ஏறி எறங்கறதுக்குள்ள உய்ந்துட்டா உம்பொண்ணுக்கு யாருடா பதில் சொல்றது? நாளைக்கு ஒரு நாளு வேம்புலி மிதிக்கட்டும். கடைசிப் பாத்தியில தண்ணி ஏறலன்னா நீயே மிதி. ஏறிச்சின்னா பரணு."

வேம்புலி என்பவன் சின்னசாமியின் மகன். ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போடுகிற இடத்தில் வேலை. காலுள்ள இளவட்டம் முழுக்க இப்போது அங்கேதான். பொன்னியம்மாவுக்கு முறை மாப்பிள்ளை. இந்த விஷயத்தை இப்போது சொல்லி வைக்கிறேன். கடைசியில் திடீரென்று தாலி எடுத்தால் பத்திரிகை ஆசிரியர் கோபிப்பார்.

துலுக்கானம் ஒப்புக்கொண்டார். அதில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. அத்தனை பிடிவாதக்காரர் இவ்வளவு சுலபமாகவா ஒப்புக்கொள்வார்?

4

மறுநாள் வேம்புலி ஏறினான். கிணற்று வாயில் அவனுடைய அப்பாவே சால் பிடித்தார். தீர்ப்புத் தெரியும்வரை துலுக்கானம் பரணில் உட்கார்ந்திருந்தார். தகரத்தைத் தொடவில்லை. குருவிகள் நிம்மதியாகக் கேழ்வரகு தின்றன.

வேம்புலி முதல் நடையிலேயே பாட்டை முந்தினான். மரம் எகிறியது. சின்னசாமி கீழிருந்து வைதார். அதன்பிறகு பையன் மரத்தின் முனையில் நின்று, அப்பா அடியை முடிக்கக் காத்திருந்தான். அவர் முடிக்கவில்லை. "ஆ..." என்று ஓர் இழுப்பு, அதற்குள் ஒரு குழைவு, அந்தக் குழைவுக்குள் இன்னொன்று.

இந்த இடத்தில் என் பழைய பிரதியிலிருந்து ஒரு வாக்கியத்தை அடிக்காமல் விடுகிறேன், நீங்களும் பார்த்துச் சிரிப்பதற்காக: "சின்னசாமியின் பாட்டு வருஷத்துக்கு வருஷம் உருக்கம் கூடிக்கொண்டே..."

உருக்கமாம். ஊரே அப்படித்தான் சொன்னது. பெண்கள் நாற்றங்காலில் நிமிர்ந்து நின்று கேட்டார்கள். அந்த இழுப்புக்கு நடுவில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அதை நாங்கள் சங்கீதம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

வெயில் உச்சிக்கு வந்தது. கடைசிப் பாத்தி நேற்று போலவே வெடித்துக் கிடந்தது. நாயக்கர் வேம்புலியை ஏற இறங்கப் பார்த்தார். துலுக்கானம் பரணிலிருந்து இறங்கி வந்தார்.

"பையனுக்குக் காலு சொணங்குது நாயக்கரே. ஆவடியில சிமிட்டி தூக்கித் தூக்கி மூட்டு போச்சி. இந்தக் காலத்துப் புள்ளங்க இப்பவே கெயவனாயிடுதுங்க."

"எனக்கா மாமா மூட்டு போச்சி? ஒத்தக் காலுல கொக்கு மாறி நின்னுகினு கீறேன். எங்க நைனா அந்த ராகத்த முடிச்சாத்தான..."

பையன் அங்கேயே நிறுத்திக்கொண்டான். ஆனால் வார்த்தை போய்விட்டது. எல்லோரும் முதல் முறையாகக் கிணற்று வாயைப் பார்த்தார்கள். சின்னசாமி சாலின் விளிம்பைப் பிடித்தபடி குனிந்திருந்தார். அவருடைய விலா எலும்புகள் துருத்தி மாதிரி ஏறி இறங்கின.

5

துலுக்கானத்துக்கு இது முன்பே தெரியுமா? இந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

தெரியும் என்றால் அவர் பெரிய மனிதர்: மச்சானுடைய மூச்சுக்காகத் தன் காலின் மேல் பழியை ஏற்றுக்கொண்டவர். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் நான் அண்டை வீட்டுக்காரி. எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. மெதுவான பாட்டு அவருடைய காலுக்கும் சௌகரியமாக இருந்திருக்கலாம். இரண்டு பேருமாகச் சேர்ந்து, வாய் திறந்து பேசிக்கொள்ளாமலே, ஊரை ஏமாற்றிக்கொண்டு இருந்திருக்கலாம்.

வேலி வழியாக ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"உமக்குத் தெரியுமா, சின்னசாமிக்கு மூச்சு..."

"அவன் மூச்சு அவனுது. நீ கீரய ஆயி."

எனவே வாசகரே, அவருடைய உள்மனம் இந்தக் கதையில் கிடையாது. நடந்தது மட்டும்தான் உண்டு.

அன்று உச்சிவெயிலில், நாயக்கர் சின்னசாமியைப் பார்த்து "பரண்" என்ற சொல்லுக்கு வாயைத் திறந்தார். துலுக்கானம் அதற்குள் மரத்தில் பாதி ஏறிவிட்டார்.

"மச்சான், நீ சால மட்டும் புடி. வாயத் தொறக்காத. பாட்டு மேலருந்து வரும்."

"மேலருந்து எங்கனாச்சும் பாடுவாங்களாடா?" என்றார் நாயக்கர்.

"மிதிக்கிறவன எறக்கிட்டு குருவி ஓட்டச் சொல்லுவாங்களா? அது மட்டும் நடக்கலியா?"

"ஒனக்குப் பாட்டு வராது மச்சான்" என்றார் சின்னசாமி, அன்று முழுவதும் மறைத்து வைத்த மூச்சில்.

"வராட்டி இன்னா? தண்ணிக்கு இன்னா காது கேக்குமா?"

பாடினார். அது பாட்டு என்று நான் எழுதினால் பொய். எண்ணெய் காணாத கதவை யாரோ விடாமல் திறந்து மூடுவது போல இருந்தது. நாற்றங்காலில் பெண்கள் சிரித்தார்கள். வேம்புலி வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஆனால் துலுக்கானம் இழுக்கவில்லை. ஒவ்வோர் அடியையும் வெட்டி வெட்டிப் போட்டு, நடந்துகொண்டே பாடினார். சால் இறங்கியது, ஏறியது, கவிழ்ந்தது. பொன்னியம்மா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

கடைசிப் பாத்தியில் மண் கறுத்தது. அவள் அங்கே நின்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இறங்கச் சொல்லவில்லை. நாயக்கரும் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குக் கத்திரிக்காய்தான் முக்கியம். நல்ல மனிதர் என்று சொன்னேனே.

6

முடிவுகள்.

(அ) துலுக்கானம் விழுந்து சாகிறார். பத்திரிகை ஆசிரியருக்கு இதுதான் பிடிக்கும். கிழவர் வருகிற கதையில் கடைசியில் பாடை வராவிட்டால், யுத்தகாலத்துக் காகிதம் வீண் என்பது அவர் எண்ணம். முடியாது. நான் விழவைக்க மாட்டேன்.

(ஆ) துலுக்கானம் தானாகவே இறங்கி, மகளோடு போகிறார். இது என் வீட்டுக்காரரின் யோசனை. எழுதிப் பார்த்தேன்: "மெல்ல இறங்கிய துலுக்கானம் மகளின் கையைப் பிடித்து..." வாக்கியம் நகரவில்லை. முதல் சொல்லிலேயே பொய்.

(இ) நடந்தது. ஆவணி மாதம் பொன்னியம்மாவுக்கும் வேம்புலிக்கும் கல்யாணம். பூந்தமல்லியிலிருந்து மேளம். துலுக்கானம் பாடுவதாகச் சொன்னார்; மாப்பிள்ளை வீட்டார் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் ஆவடிக்குக் குடி போனார்கள். சின்னசாமியையும் கூட்டிப்போனார்கள், பட்டாள டிப்போ ஓரத்தில் வாடகை வீடு, வைத்தியர் பக்கத்திலேயே இருக்கிறாராம், மூச்சு தேவலையாம்.

வண்டியில் இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது. பொன்னியம்மா வண்டியை விட்டு இறங்கிப் போய் ஏற்றமரத்தடியில் நின்று கேட்டாள். அவர் மேலிருந்தே, "போய்ட்டு வா கண்ணு. பொங்கல் வந்தா வா. கத்திரிக்கா குடுத்தனுப்பறேன்" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். வண்டி போனது.

இப்போது நாயக்கரின் கிணற்றில் சால் பிடிக்க ஆள் இல்லை. துலுக்கானம் தினமும் விடிந்ததும் வந்து மரத்தில் ஏறி நின்றுவிடுகிறார், யாராவது வருவார்கள் என்று. இதற்கு மேல் கதை என்னிடம் இல்லை, ஆள்தான் வேண்டும். வாசகர்களில் யாருக்காவது தோள் உரம் இருந்தால் பாரிவாக்கம் வரலாம். பாடத் தெரிய வேண்டியதில்லை. காது கொஞ்சம் மந்தமாக இருந்தால் விசேஷம்.