பழசை எடுத்துவிட்டு

16.2.2008, சனி. திண்டிவனம்.

ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டேன். சிறிய பிழைதான் என்று எழுதத் தொடங்குகிறேன். முடிக்கும்போதும் அப்படித் தோன்றுமா, தெரியவில்லை.

எங்கள் கேம் சென்டரில் உண்மையான விளையாட்டுப் பெட்டி கிடையாது. அதைப்போலவே வேலை செய்யும் எமுலேட்டர் என்ற மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறோம். அதை எழுதுகிறவர்கள் அடிக்கடி சோதனைப் பதிப்பு வெளியிடுவார்கள். போன ஞாயிறு, அப்போதிருந்த பதிப்பில், சண்டை விளையாட்டில் அடி விழுந்து முடிந்த பிறகே சத்தம் வந்தது. என் அண்ணன் ஜெனித்தும், கூட்டேரிப்பட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் இருதயராஜும் மோதிய ஆட்டம் அது. தோற்றவன் மீசையை எடுக்க வேண்டும் என்று பந்தயம். இருதயராஜ் ஜெயிக்கும் நிலையில் இருந்தபோது கரண்ட் போனது. யுபிஎஸ் அணைவதற்குள் ஆட்டத்தை அந்த நொடியிலேயே சேமித்து நிறுத்தினேன்.

இன்று காலை அண்ணன் போனில், "புது வெர்ஷன் வந்துருக்காம். பழச எடுத்துட்டு அதப் போடு" என்றான். எடுத்தேன். அதாவது, அழித்தேன்.

புதியது நன்றாகவே இருந்தது. சத்தம் அடியோடு சேர்ந்து வந்தது. ஜாய்ஸ்டிக் சொன்னதை உடனே கேட்டது. ஆட்களின் நிழல்கூடத் தரையில் தெரிந்தது. மாலையில் அண்ணனும் இருதயராஜும் வந்து உட்கார்ந்தார்கள். சேமித்ததைத் திறந்தால், வேறு பதிப்பில் சேமித்தது, திறக்க முடியாது என்று வந்தது. சேமிக்கும் முறையையே மாற்றியிருக்கிறார்கள். அந்தக் குறிப்பை நான் முதலில் படித்திருக்க வேண்டும்.

"அண்ணன் தோக்கறான்னு தங்கச்சி ஆட்டத்தையே தூக்கிட்டாளா? நல்ல குடும்பம்டா!" என்றான் இருதயராஜ்.

"மொதல்லேர்ந்து ஆடலாம் வாடா. பயமா?" என்று அண்ணன் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது.

இருதயராஜ் வீசிய ஜாய்ஸ்டிக் ஒயரோடு பறந்து அண்ணன் நெற்றியைப் பிளந்தது. அண்ணன் ஸ்டூலைத் தூக்கி இருதயராஜின் முழங்காலில் அடித்தான். இருவரும் கட்டிப்புரண்டதில் மானிட்டர் விழுந்து வெடித்தது. இருதயராஜ் அண்ணன் மார்பில் ஏறி உட்கார்ந்து, டியூப் வெட்டும் பிளேடைச் சட்டைப் பையிலிருந்து உருவினான்.

"நீ எடுக்க மாட்ட. நானே எடுக்கறேன்."

இடப்பக்க மீசை போனது. மேலுதடும் கிழிந்தது. நான் கீபோர்டால் அவன் பிடரியில் அடித்தேன். எழுத்துக் கட்டைகள் சிதறித் தெறிக்கும்வரை அடித்தேன். நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காதோரம் ரத்தம் வழிய இருதயராஜ் வாசலில் நின்று சொன்னான்: "நாளைக்கு சாயங்காலம் வருவேன். அந்த ஆட்டம் அப்படியே இருக்கணும். இல்லன்னா அந்தப் பக்கத்தையும் எடுத்துடுவேன்."

உதட்டில் தையல் போட்டு வந்த அண்ணன், "எடுத்துட்டுன்னா... தனியா எடுத்து வைன்னுடி" என்றான்.

"அப்ப மீசைய எடுக்கறதுன்னாலும் தனியா எடுத்து வைக்கறதா?"

அவன் சிரிக்கப்போய்த் தையலில் மறுபடி ரத்தம் கசிந்தது.

சேமித்த கோப்பு வேறு ஃபோல்டரில் இருந்ததால் தப்பியது. அதைத் திறக்கப் பழைய பதிப்பு வேண்டும். மாலை வகுப்பில் என்னோடு படிக்கும் விழுப்புரத்துக் கிருஷ்ணவேணிக்கு அதை முன்பே சிடியில் போட்டுக் கொடுத்திருந்தேன்.

நாளை: சர்ச்சில் பூசை முடிந்ததும் விழுப்புரம் போய் அந்த சிடியை வாங்கிவர வேண்டும். இரண்டாவது கம்ப்யூட்டரில், புதியதை அழிக்காமல், தனி ஃபோல்டரில் போட வேண்டும்.