முப்பத்திமூன்று காட்டிய சக்கரம்

ஆம்பூரில் எது பிய்ந்தாலும் சொல்யூஷன்தான். ஷூவுக்குச் சோல் ஒட்டுகிற அந்தப் பசை கம்பெனியிலிருந்து சின்ன டப்பாவில் வீட்டுக்கு வந்து, குடை, பக்கெட், பைபிள் அட்டை என்று சகலத்தையும் ஒட்டிவிடும். ஜான்சன், ஷூ கம்பெனி ஒன்றில் சோல் ஒட்டும் பிரிவுக்கு இன்சார்ஜ். அவனுக்கு இந்த வியாதி கொஞ்சம் ஜாஸ்தி.

அவனுடைய பழைய காரில், டயரில் காற்று குறைந்தால் எரிகிற விளக்கு ஓயாமல் எரிய ஆரம்பித்தது. டயர் கடை வைத்திருக்கும் அவன் தோஸ்த் வாஹித் பாஷா பார்த்துவிட்டுச் சொன்னான்.

“காத்து இருக்குதுடா. சக்கரத்துக்குள்ள கீற சென்சாருங்களுக்குத்தான் பேட்டரி போய்டுச்சு. நாலையும் மாத்தணும். காலைல வுட்டுட்டுப் போ, சாயந்திரம் எடுத்துக்க.”

“ஒரு நாள் பூரா வண்டி இல்லாம எப்பிடிடா? அன்னிக்குன்னு போன் வந்துட்டா?”

“வந்தா என் வண்டிய எடுத்துக்கினு போ. இதுக்கு ஏன் பேஜார் ஆவுற?”

அந்த போனுக்காகத்தான் வீடே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. ஜான்சனின் மனைவி சௌந்தர்யாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று தடவை வேலூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மூளைச்சாவு அடைந்த யாருடைய சிறுநீரகமாவது பொருந்தினால் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் போய் நிற்கவேண்டும். வருஷக்கணக்காக அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் நடமாடினாள். கார் வாங்கியதும் அதற்காகத்தான்.

பாஷா வண்டி தருகிறேன் என்ற பிறகு என்ன தடை? வீம்புதான், வேறென்ன. கையில் தொழில் இருக்கிறவன் கடையில் போய் நிற்பதா?

இண்டர்நெட்டில் சென்சார்களை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த கையோடு ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கம்பியைக் கொடுத்து நெம்பி நெம்பி டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரித்தான். நெம்பின நெம்பில் ரப்பர் எங்கெங்கே கிழிந்தது என்று யார் பார்த்தார்கள்!

“கடையிலயே குடுத்திருக்கலாங்க,” என்றாள் சௌந்தர்யா, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடி.

“சும்மா இரு. வீடியோல எல்லாம் பார்த்துட்டேன்.”

மூன்று சக்கரம் ஒழுங்காக முடிந்தது. முன்னால் இடதுபக்கச் சக்கரத்தில் மட்டும், சோப்புத் தண்ணீர் ஊற்றினால் வால்வு ஓரம் குமிழி விட்டது. திரும்பக் கழற்றி, சொல்யூஷன் டப்பாவைத் திறந்து, சென்சாரையும் வால்வையும் சுற்றி வஞ்சனையில்லாமல் தடவி, ஈரம் காய்வதற்குள் மாட்டிக் காற்றடித்தான். குமிழி நின்றது. காருக்குள் இருந்த திரையில் நாலு சக்கரத்துக்கும் காற்றின் அளவு சரியாக முப்பத்திமூன்று என்று வந்தது. ரேங்க் கார்டு காட்டும் பிள்ளை மாதிரி மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“ஒருதபா கடைக்குக் கொண்டாடா, மெஷின்ல வெச்சுப் பார்த்துடலாம்,” என்று பாஷா போன் செய்தான்.

“எல்லாம் முப்பத்திமூணு காட்டுது. போய் வேற வேலைய பாரு.”

கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலையில் அந்த போன் வந்தேவிட்டது. சிறுநீரகம் பொருந்தியிருக்கிறது, உடனே வாருங்கள் என்றார்கள். சௌந்தர்யா அழுதாள், சிரித்தாள், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்து வண்டியில் ஏறினாள்.

மாதனூர் தாண்டியதும் அவள் சொன்னாள்: “வண்டி என் பக்கமா இழுக்குதுங்க. ஓரமா நிறுத்திப் பாருங்களேன்.”

ஜான்சன் திரையைப் பார்த்தான். “முப்பத்திமூணு. கரெக்டாதான் கீது. நேரத்துக்குப் போவ வேணாமா?”

அடுத்த வளைவில் டயர் வெடித்தது. வண்டி சுழன்று, அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகவே போய் இரும்புத் தடுப்பில் மோதியது.

ஓடிவந்தவர்கள் கதவை நெம்பி அவளை வெளியே எடுத்தார்கள். ரிம்மில் டயர் கந்தலாகத் தொங்கியது. உள்ளே திரையில் அதே சக்கரத்துக்கு இன்னும் முப்பத்திமூன்று. ஐயோ! சென்சாரில் காற்றை அளக்கும் ஊசித்துளைக்குள் சொல்யூஷன் இறங்கி அடைத்திருக்கிறது. அன்றைக்கு அடித்த காற்றைத் துளைக்குள் பிடித்துவைத்துக்கொண்டு, டயர் இறங்க இறங்க அதையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பாவி, பாவி என்று ஜான்சன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஆம்புலன்ஸ் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனது. டாக்டர் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார்.

“விலா எலும்பு ஒடஞ்சிருக்கு. நுரையீரல்லயும் அடி. இப்ப மயக்க மருந்து குடுக்க முடியாது. கிட்னிய வெச்சிருக்கவும் முடியாது சார். அடுத்தவங்களுக்குத்தான் குடுக்கணும்.”

அந்த அடுத்தவருடைய மனைவி வராந்தாவில் நின்றிருந்தாள். ஊர் திமிரிப் பக்கம், பெயர் பூங்குழலி. டயாலிசிஸ் வார்டில் பார்த்துப் பழகிய முகம். ஜான்சனைக் கண்டதும் ஓடி வந்தாள்.

“அண்ணா, எங்க வூட்டுக்காரருக்குக் கெடச்சிருச்சுண்ணா! மொதல்ல கூப்ட்டவங்களுக்கு இன்னாவோ ஆயிடுச்சாம். நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கங்கண்ணா.”

பின்னால் தள்ளுவண்டியில் வந்த சௌந்தர்யாதான், மூச்சு வாங்க வாங்க, “வேண்டிக்கறேம்மா,” என்றாள்.

தள்ளுவண்டிக்காரர் புதிதாக வேலைக்கு வந்தவர் போலிருக்கிறது. லிப்ட் வாசலில் நிறுத்திக் கேட்டார்: “எங்க போவணும் சார்? ஆபரேஷன் தியேட்டரா, டயாலிசிஸா?”

வழியெல்லாம் ஒரு வார்த்தை குறை சொல்லாமல் வந்த சௌந்தர்யா, இப்போது கணவன் முகத்தையே பார்த்தாள்.

“கேக்குறாரு இல்ல? சொல்லுங்க.”

“டயாலிசிஸ்,” என்றான் ஜான்சன்.

அவர் வண்டியைத் திருப்பினார்.