அமலோற்பவத்தின் பாதி

என் பாதியைச் சொல்லி நிறுத்துகிறேன், மின்விசிறி கிடுகிடுக்கிறது, தெருவில் மீன்வண்டி ஒன்று ஹாரன் அடித்துப் போகிறது, கட்டிலில் அமலோற்பவம் விட்டத்தைப் பார்த்தபடி கிடக்கிறாள், அவள் பாதிக்கான நேரத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த மணியை உருட்டுகிறேன், ஜெபமாலை என்பது எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேலை, அருள் நிறைந்த மரியே என்று ஒருவர் தொடங்கிப் பாதியில் விட வேண்டும், மற்றவர் எடுத்து முடிக்க வேண்டும், கல்யாணமான நாளிலிருந்து தொடங்குகிறவள் அவள், முடிக்கிறவன் நான், ஐஸ் பேக்டரியில் பகலெல்லாம் பாளம் இழுத்துவிட்டு வந்து சுவரில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் முடிப்பேன், மாதாவுக்கு நம்ம ஜெபம் கேக்குதோ இல்லியோ உங்க கொறட்டை நல்லா கேக்கும் என்பாள், இப்போது தொடங்குகிறவன் நானாகிவிட்டேன், முடிக்க ஆளில்லை.

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள், மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள், வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு அடியோடு போய்விட்டது, மாதக்கணக்காகியும் திரும்பவில்லை, முதல் சில மாசத்துல வந்தா உண்டு, இனிமே எதிர்பார்க்காதீங்க ஐயா என்று டாக்டர் என் தோளைத் தொட்டுச் சொன்னார், நல்ல மனுஷன், அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது, பேசாவிட்டால் போகட்டும், கஞ்சி ஊட்டுகிறவன் புருஷனா ஆஸ்பத்திரி ஆளா என்பதாவது இவளுக்குத் தெரிகிறதா, அது தெரிந்தால் போதும் என்று கிடந்து தவிக்கிறேன், சென்னையிலிருந்து மகள் ஜெசிந்தா போனில் அழுகிறாள், ப்பா, அந்தப் பாதியையும் நீங்களே சொல்லிருங்கப்பா, பாதி பாதியா விட்டா அது என்ன ஜெபம், சொல்ல மாட்டேன்மா, அது உங்கம்மா எடம், நான் சொல்லிட்டேன்னா அவ இல்லன்னு ஆயிரும்.

பக்தியெல்லாம் அவள் இலாகா, நான் கோயிலில் கடைசித் தூணோரம் நிற்கிற ஆள், இப்போது ஆண்டவரே என்று கூப்பிட்டால் என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது, அவர் பதில் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை, பதில் சொல்லாத இரண்டு பேருக்கு நடுவில் தினமும் உட்கார்ந்திருக்கிறேன், தனியாகத்தான் இருக்கிறது, ரொம்பத் தனியாக, ஆனாலும் எழுந்துபோகத் தோன்றவில்லை, காலையில் அவளைப் புரட்டித் துடைத்துவிடும் தெம்பு இங்கே உட்கார்ந்துதான் வருகிறது, எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, சில சமயம் கண்ணை மூடினால் இடைவெளியில் அவள் குரல் வருகிறது, திருவிழா நெரிசலில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வருகிறாள், திரும்பினால் சட்டையைப் பிடித்திருப்பது வேறு யாரோ, விழித்தால் மின்விசிறி.

அன்றைக்கும் அப்படித்தான் கண் செருகியிருக்க வேண்டும், ஜெபமாலையில் நினைத்துக்கொள்ளக் கிழமைக்கு ஒரு தேவ இரகசியம் உண்டு, திங்களும் சனியும் சந்தோஷம், செவ்வாயும் வெள்ளியும் துக்கம், நாள் மாற்றி எடுத்தால் அவளுக்குப் பொறுக்காது, அடுத்தவர்கள் என்றால் சிரித்தபடி திருத்துவாள், என்னை மட்டும் முறைப்பாள், கனவிலிருந்து எழுந்த வாயோடு சந்தோஷ தேவ இரகசியம், முதலாவது, கபிரியேல் சம்மனசு என்று தொடங்குகிறேன், கட்டில் சட்டத்தை யாரோ தட்டுகிறார்கள், அவள் இடது கை, அவள் விட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறாள், முறைக்கிறாள், வாய் கோணி, எச்சில் வழிந்து, வெ, வெ என்று பாறையைப் புரட்டுவதுபோல் எதையோ புரட்டிப் புரட்டி, வெள்ளி என்றாள்.

ஆமாட்டி, வெள்ளிக்கிழமதான், நான் ஒரு மடையன், என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறேன், ஒரு வார்த்தைதானப்பா, ரொம்ப நம்பிராதீங்க என்று ஜெசிந்தா போனில் தயங்குகிறாள், ஒரு வார்த்தைதான்மா, ஆனா அது எனக்குச் சொன்னது, வேற யாரையும் அவ அப்படி முறைக்க மாட்டா, மறுநாள் சனிக்கிழமை, ஆசை யாரை விட்டது, வேண்டுமென்றே துக்க தேவ இரகசியம் என்று தொடங்கிவிட்டு ஓரக்கண்ணால் பார்க்கிறேன், வாய் திறக்கிறது, வெறும் காற்று, மறுபடியும் காற்று, கண்ணில் நீர் முட்டுகிறது, போதும்ட்டி, செரமப்படாத, சனிக்கிழம சந்தோஷந்தான், எனக்குத் தெரியும், சும்மா சொன்னேன், என்று துடைத்துவிட்டு ஒழுங்காகத் தொடங்குகிறேன், என் பாதியைச் சொல்லி நிறுத்துகிறேன், சத்தம் ஒன்றுமில்லை, இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது மெல்ல அசைகிறது, நிற்கிறது, மறுபடி அசைகிறது, நான் அவசரப்படவில்லை, முடித்துவிட்டேன் என்று அவள் கண்ணைக் காட்டிய பிறகுதான் அடுத்த மணியை உருட்டினேன்.