பொக்குவா சுமந்த சட்டி

செர்வாவுக்கு வயிறு எரிந்தது. தையல்காரி அச்சியாவும் அசமோவாவுக்கு அந்தியில் சாப்பாடு அனுப்புகிறாளாம். அசமோவா செர்வாவின் புருஷன். உலைவாயை மூடலாம், மாம்போங் ஊர்வாயை மூட முடியுமா? குழாயடியில் நாலு பேர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த ஊரில் புருஷன் தன் தாய்வீட்டில் இருப்பான், பெண்டாட்டி தன் தாய்வீட்டில். பொழுது சாய்ந்ததும் பெண்டாட்டி சமைத்ததை மூடிப் பிள்ளையின் தலையில் ஏற்றி அனுப்புவாள். சட்டி போய் வருகிறவரைக்கும் கல்யாணம் நிலைத்திருக்கிறது என்று அர்த்தம். அச்சியா பேச்சு கிளம்பிய அன்று செர்வாவின் சட்டி நிறைந்தபடியே திரும்பியது. அதைச் சுவரில் அடித்து உடைத்து, விடியும்வரை அழுதாள். அதற்குப் பிறகு அனுப்பிய புதுச் சட்டி தினமும் காலியாகத்தான் வந்தது.

ஆனாலும் எட்டு வயது மகள் பொக்குவாவுக்கு வாசலிலேயே விசாரணை நடக்கும்.

“அந்தச் சக்களத்தி சட்டி வந்துச்சா?”

“வந்துச்சும்மா.”

“மொதல்ல எதுல கை வெச்சாரு?”

“உன்னோடதுலதான்.”

“அவளோடது?”

“தொடவே இல்ல.”

செர்வா காலிச் சட்டியை ஊர் பார்க்க முற்றத்தில் கவிழ்த்து வைப்பாள். மறுநாள் கடலை சூப்பில் சுட்ட மீன் சேர்ந்தது, அதற்கடுத்த நாள் ஆட்டுக்கறி. மரவள்ளியும் வாழைக்காயும் இடித்த ஃபுஃபு உருண்டை நாளுக்கு நாள் பெருத்தது. உலக்கையை ஓங்கும்போது உரலுக்குள் யார் முகம் தெரிந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

பத்தாம் நாள் பொக்குவா பள்ளிக்கூடத்தில் வாந்தி எடுத்தாள். வீட்டில் ஒரு வாய் சாப்பிடாத பிள்ளைக்கு இவ்வளவு வாந்தி எங்கிருந்து வந்தது? அப்படியும் செர்வா அன்று சட்டியை அவள் தலையில் ஏற்றத்தான் செய்தாள். ஆனால் பின்னாலேயே போனாள். பாதி பிள்ளைக்காக, பாதி அச்சியாவைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக.

பொக்குவா அப்பா வீட்டுக்குள் போன வேகத்தில் வெளியே வந்தாள். பூட்டிக் கிடந்த மாவு மில்லுக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, உருண்டை உருண்டையாக விழுங்க ஆரம்பித்தாள்.

“என்னடி பண்ற?”

“அப்பா தெனமும் வயிறு ரொம்பிடுச்சுங்கறாரும்மா. அப்படியே கொண்டு வந்தா நீ அழுவே. காலியா வந்தா சிரிக்கிறே.”

“அப்ப அவளோடத மட்டும் திங்கிறாரா?” என்றுதான் செர்வாவின் வாயில் முதலில் வந்தது.

பொக்குவா வாயைத் துடைத்துக்கொண்டு, எந்தப் பதில் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று முகத்தையே பார்த்தாள். செர்வாவுக்கு அவமானமாகப் போயிற்று.

மகளை வீட்டில் படுக்க வைத்துவிட்டு, மிச்ச ஃபுஃபுவோடு சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தாள். பெண்டாட்டியே சுமந்து போவதைத் தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அசமோவா அச்சியாவின் சட்டியில் கைவைத்திருந்தார். பார்த்ததும் அவளுக்கு எரியத்தான் செய்தது.

“பொக்குவா எங்க?”

“வீட்ல படுத்திருக்கா. நீங்க திருப்பி அனுப்பினதெல்லாம் அவதான் முழுங்கியிருக்கா, நான் அழக் கூடாதுன்னு. இனி நானே கொண்டாரேன். வேணாம்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க.”

அசமோவா கையை வெளியே எடுத்தார். “சின்னப் பிள்ளைய இப்படிப் பண்ணச் சொன்னது யாரு?”

“நாமதான்” என்றாள் செர்வா.