இடப்பக்கத்துக் கைப்பிடி

என் அக்காள் கணவர் பேரில் ஏழு காப்புரிமைகள். தையல் மெஷின், தண்ணீர் பம்பு, ஆஸ்பத்திரிக் கட்டில், ஜன்னல் ஷட்டர் என்று அவர் கை வைக்காத துறை இல்லை. பல துறை மேதை என்று பத்திரிகைகள் எழுதின. அந்த மேதைக்கு ஒரு திருகாணியை ஒழுங்காக முடுக்கத் தெரியாது.

ஏழும் என் ரிப்பேர் பட்டறையில் பிறந்தவை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவார். என் நோட்டைப் புரட்டுவார், போனில் படம் பிடித்துக்கொண்டு போவார். முதல் காப்புரிமை அவர் பேரில் வந்தபோதே எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒன்று என்றால் ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவார். ஏறட்டும், விழும்போது நன்றாக விழட்டும் என்று காத்திருந்தேன். ஏழாவதுக்கு விருது அறிவித்த அன்று, ஏழின் மேலும் புகார் கொடுத்தேன்.

காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை அறையில், மேஜை மேல் அவர் கொண்டுவந்த ஏழு மாதிரிகள் இருந்தன. அக்காள் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"பம்பைக் கொஞ்சம் சுத்திக் காட்டுங்க," என்றார் அதிகாரி.

அத்தான் வலது கையை நீட்டினார். கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. கையைக் குறுக்கே வளைத்துச் சுற்றியதில் முழங்கை மேஜையில் இடித்தது. பாவம், என் படத்தைக் கோடு பிசகாமல் காப்பியடித்திருந்தார்.

அதிகாரி வரைபடங்களைப் பரப்பினார். "ஏழுலயும் கைப்பிடி இடது பக்கம்தான் இருக்கு. ஏன்?"

"அதுதான் சார் வசதி."

"யாருக்கு?"

அத்தான் என்னைப் பார்த்தார். இந்தப் பார்வைக்காகத்தான் பதினோரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் குனிந்தார்.

"குடும்பத்துக்குள்ள எதுக்கும்மா இதெல்லாம்? உன் பேரையும் சேத்துப் போட்டுடலாம்."

"சேத்து வேண்டாம் அத்தான். உங்க பேரை எடுக்கணும்."

"இவங்களுக்கு இடக்கைப் பழக்கம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"நான் கவனிச்சதில்ல சார்."

பின்னால் அக்காள் எழுந்தாள். "பொய் சார். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சாப்பாட்டு மேஜைல அவளைப் பீச்சாங்கைன்னுதான் கூப்பிடுறாரு. எல்லாரும் சிரிப்போம். நானும் சிரிச்சிருக்கேன்."

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நான் போய் இடது கையால் பம்பைச் சுற்றினேன். பிறகு கட்டிலை, பிறகு ஷட்டரை. மூன்றாவதிலேயே அவர், "போதும்மா, புரிஞ்சுது," என்று பேனாவை எடுத்தார்.

நான் நிறுத்தவில்லை. அத்தான் பார்க்கட்டும் என்று ஏழையும் சுற்றினேன், மெதுவாக.