ஐந்தாம் ரெஜிஸ்டர்

கழுத்து திரும்பவில்லை. இரண்டு மாதம் குனிந்தே போர்டில் ஈயம் பற்றவைத்ததில் பின்கழுத்து இறுகிவிட்டது. எங்கள் அய்யா கல் வெட்டியவர். அவருக்கு இடுப்பில் இருந்த வலி எனக்குக் கழுத்துக்கு ஏறியிருந்தது, அவ்வளவுதான்.

எழுபத்தொன்பதாம் வருசம். கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு டெக்னீஷியன் வேலை. கூட்டாளி அசன் முகம்மதுவின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரும் பதினேழு இஞ்சு டிவியும் அனுப்பியிருந்தார். டிவி, தங்கை அமீனாவின் கல்யாணச் சீர். காரைக்குடிக்கு எந்த நிலையமும் எட்டாது, போட்டால் வெறும் இரைச்சல். மாப்பிள்ளை வீட்டார் சீர் பார்க்க வரும்போது எதைக் காட்டுவது? அசனின் அம்மா ஆசியா பீவி என்னிடம் கேட்டார்.

"நாகநாதா, அதுல அமீனா பேரத் தமிழ்ல வர வச்சிருய்யா."

கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் எழுத்துதான் தெரியும். புள்ளி புள்ளியாகப் படம் போட நான் தனியாக ஒரு போர்டு செய்தேன். அதில் ஐந்து ரெஜிஸ்டர். கம்ப்யூட்டர் அனுப்பும் எண்ணை, அடுத்த எண் வரும்வரை பிடித்து வைத்திருப்பது ரெஜிஸ்டரின் வேலை. முதல் நான்கும் புள்ளிக்கு. ஐந்தாவது, திரையில் ஒரு கோடு எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதற்கு. படம் ஆடியதால், கோட்டை ஓட்டும் டிவியின் சொந்தத் துடிப்பை அறுத்துவிட்டு என் போர்டின் துடிப்பை நேராகக் கொடுத்திருந்தேன்.

நான்கு ரெஜிஸ்டருக்கும் நல்ல சிப், கரண்டு வந்ததும் தானே பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஐந்தாவதற்குக் கையில் கிடந்த பழையதைப் போட்டேன். அது வாய்க்கு வந்த எண்ணோடு முழிக்கும். அந்த எண்ணில் டிவியைப் போட்டால் கோடு தாறுமாறாக ஓடி, டிவியே உள்ளே கருகிவிடும். பரவாயில்லை என்று விட்டேன். முதலில் கேசட்டிலிருந்து புரோகிராம் ஏறும், சரியான எண் உள்ளே போகும், அதன் பிறகுதான் டிவி. இந்த வரிசை என் விரலில் இருந்தது. வாயால் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழச்சிவல்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை டிவியைச் சுற்றி வந்தார்.

"பெட்டி ஓடுமா, இல்ல துணி போட்டு மூடத்தானா?"

"என்ன இப்படிக் கேக்குறீக?" என்றார் ஆசியா பீவி.

"நாலு நிமிசம், கேசட்டு ஓடுது," என்றான் அசன்.

"அதுக்குள்ள நான் ஊருக்கே போயிருவேன்."

ஆசியா பீவிக்குப் பொறுக்கவில்லை. "இந்தா பாருங்க" என்று டிவி சுவிட்சை அமுக்கிவிட்டார்.

ஊசி போல ஒரு கீச்சொலி. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. பிறகு பின்பக்கத்திலிருந்து புகை. நான் பிளக்கைப் பிடுங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கேசட் மட்டும் ஓடி, தானாக நின்றது. ஐந்தாம் ரெஜிஸ்டரில் இப்போது சரியான எண் இருக்கும். அமீனா என்ற பெயரும் புள்ளி பிசகாமல் உள்ளே இருக்கும். காட்டத்தான் திரை இல்லை.

"கருகின சீரா?" என்று அத்தை எழுந்தார்.

ஆசியா பீவி தன் விரலைப் பார்த்தார். "நான் தொட்டதுனால போச்சே. பாவி, நான் தொட்டுத் தொலைச்சேனே."

அசன் என்னைப் பார்த்தான். நான் பிளக் வயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

டிவிக்கு ஈடாகத் தங்கச் சங்கிலி ஒன்று கூடுதலாகப் போட்டு அமீனாவின் கல்யாணம் நடந்தது. அசனின் அம்மா இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தால் லைட் சுவிட்சைக்கூட என்னைத்தான் போடச் சொல்கிறார்.

"உங்க விரல் இல்லம்மா, என் ரெஜிஸ்டர்" என்று நான் இன்னும் சொல்லவில்லை. பதினேழு இஞ்சு டிவி ஒன்று, ஆசியா பீவிக்கு நான் தர வேண்டியது. அதுவும் பாக்கி.