பெரியம்மாவின் சாவுக்கு வந்த இரண்டு யூனிட்

மகாசங்கமம் என்ற சொல்லைக் கேட்டாலே சந்திரிகாவுக்கு வாய் கசந்தது. 'கங்கா நிவாஸ்' தொடரில் அவள் இணை இயக்குநர். அந்தக் குடும்பத்தின் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாம் அவள் கை பட்டுத்தான் நடந்தன. அதே சேனலில் ஓடும் இன்னொரு தொடர் 'நெருப்பில் ஒரு மருமகள்'. இரண்டு குடும்பங்களையும் ஒரு வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்து ஓட்ட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது.

சேர்க்கச் சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே கதையில் ஆடி மாதம் நடந்துகொண்டிருந்தது. அங்கே பொங்கல் பானையே இன்னும் இறங்கவில்லை. அங்கே நாயகி ஸ்ம்ருதிக்கு ஏழாம் மாதம், அதுவும் அரை வருஷமாக ஏழாம் மாதம். இங்கே நாயகி ஓவியா கால்ஷீட் கொடுத்திருந்த நாட்களில் ஸ்ம்ருதி ஹைதராபாத்தில் இருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து கிடைத்தது ஒரே ஒரு பகல். அந்தப் பகலுக்காகக் கோவளத்தில் ஒரு பங்களாவை வாடகைக்குப் பிடித்தார்கள்.

இரண்டு குடும்பமும் கூடுவதற்கு முதலில் கல்யாணம் என்றுதான் எழுதினார்கள். யார் யார் காலில் விழுவது என்று இரண்டு நாயகிகளுக்கும் தகராறு வந்ததால், கல்யாணத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சாவு வைத்தார்கள். யாரைச் சாகடிப்பது என்பதில் மட்டும் யாருக்கும் குழப்பமே இல்லை. பம்மலிலிருந்து வரும் ஞானஜோதி இரண்டு தொடரிலும் நடித்துக்கொண்டிருந்தாள். இங்கே பெரியம்மா, அங்கே கோயில் வாசல் பூக்காரி.

"ஒரே மூஞ்சி ரெண்டு பக்கமும் இருந்தா ஆடியன்ஸ் மீம் போட்டே கொன்னுடுவாங்க, மேடம். அதுக்குள்ள நாமளே கொன்னுடலாம்" என்று சிரித்தான் சேனல் தரப்பில் வந்திருந்த நிகில். "பெரியம்மா செத்துடுறாங்க. பூக்காரிய சத்தமில்லாம தூக்கிடுறோம்."

"ஜோதிக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"ஷாட் முடியட்டும். இப்ப சொன்னா எழுந்து போயிடும்."

போயிடும். ஒரு மனுஷியைப் பற்றி, ஏதோ மாட்டைச் சொல்வதுபோலச் சொன்னான். சந்திரிகா அங்கிருந்து நகர்ந்தாள்.

கேளம்பாக்கத்திலிருந்து ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. செட்டுக்காகச் செய்த பெட்டி அல்ல. முந்தின நாள் ஏதோ ஒரு வீட்டில் நிஜமாகவே இருந்துவிட்டு வந்த பெட்டி. உள்ளே பினாயில் வாடையும் பன்னீர் வாடையும், அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தன. மூலையில் நசுங்கிய சாமந்தி இதழ் ஒன்றும் ஒரு நீளமான நரைமுடியும் ஒட்டிக்கொண்டிருந்தன. துடைக்க யாரும் முன்வராததால் சந்திரிகாவே துணியை நனைத்துத் துடைத்தாள். அந்த முடி துணியில் ஒட்டிக்கொண்டது, உதறியும் விழவில்லை.

ஞானஜோதி முகமெல்லாம் மஞ்சளும் நெற்றியில் ஒட்டிய நாணயமுமாக வந்தாள். பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

"இன்னாம்மா இந்த நாத்தம் அடிக்குது?" என்றாள். பிறகு ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தாள். "நாளைக்கு பூக்காரி சீன் கீதுன்னாங்களே. காலைல சீக்கிரமா வரணுமா?"

சந்திரிகா அவள் மூக்கில் பஞ்சை வைத்தாள்.

அதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. தலைமாட்டில் யார் உட்காருவது? "செத்தது என் பெரியம்மா. நான்தான் தலைமாட்டுல" என்றாள் ஓவியா. ஏழு மாத வயிற்றோடு தரையில் உட்கார முடியாது, நாற்காலி வேண்டும் என்றாள் ஸ்ம்ருதி. அந்த வயிறு வெறும் பஞ்சு மூட்டை. பேசும்போதே அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் பேசினாள். "அவங்க சேர்ல, நான் தரையிலயா? அப்புறம் யாரு ஹீரோயின்?" என்று ஓவியா கேரவனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கங்கா நிவாஸின் இயக்குநர் பாலு வெள்ளை வெளிச்சம் கேட்டார். மருமகள் தொடரின் இயக்குநர் கிரீஷ் மஞ்சள் வெளிச்சம் கேட்டார். விளக்குகள் எரிவதும் அணைவதுமாகவே இருந்தன. நடுநடுவே நிகில் போனில் யாருக்கோ, "எல்லாம் ஸ்மூத்தா போகுது சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

உச்சிவெயில் ஏறியது. ஞானஜோதி எழுந்திருக்க வேண்டாம், மாலை கலைந்தால் கன்டினியுட்டி போய், அடுத்த ஷாட்டோடு ஒட்டாது என்று சொல்லிவிட்டார்கள். வாடின மாலையில் ஈ மொய்த்தது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசிய கிரீஷ், கையிலிருந்த வசனத் தாள்களைப் பேச்சு வாக்கில் அவள் வயிற்றின் மேல் வைத்தார். பறக்காமல் இருக்கக் காபி டம்ளரை அதன் மேல் வைத்தார். வைத்தது எதன் மேல் என்று அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. டம்ளர், அவள் மூச்சு விடும்போது ஏறி இறங்கியது.

சந்திரிகா போய் டம்ளரை எடுத்தாள். காபியைத் தரையில் கொட்டினாள்.

"ஜோதிக்கா, எழுந்திருங்க. நாளைக்குப் பூக்காரி சீன் இல்ல. ரெண்டுலயிருந்தும் உங்கள எடுத்துட்டாங்க. ஷாட் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தாங்க."

ஞானஜோதி கண்ணைத் திறந்தாள். ஒரு பக்கத்துப் பஞ்சை எடுத்தாள். பிறகு மறுபக்கம்.

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தான்."

நிகில் ஓடி வந்தான். "அக்கா, அப்படியெல்லாம் இல்ல. உங்களுக்கு வேற ட்ராக் யோசிச்சு வெச்சிருக்கோம்…"

அவள் அவனைப் பார்க்காமல் சந்திரிகாவைப் பார்த்தாள். "நெசமா சொல்றான்?"

"பொய்க்கா."

ஞானஜோதி சந்திரிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டியிலிருந்து எழுந்தாள். போகவில்லை, நேராகச் சாப்பாட்டுப் பந்திக்கு நடந்தாள். மஞ்சள் முகமும் நெற்றி நாணயமுமாக உட்கார்ந்து, சோறு போடச் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தட்டை நகர்த்திக்கொண்டு எழுந்தார்கள். பொரித்த வஞ்சிரத்தைக் கேட்டு வாங்கி, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் வைத்து, அவசரமே இல்லாமல் தின்றாள்.

"எட்டு வருசமா அழுதுகினு கீறேன் இவனுங்களுக்கு" என்றாள் சந்திரிகாவிடம். "சாகறப்ப வந்து அழ ரெண்டு பொண்ணுக்கு எடம் பத்தல. த்தூ!"

முகத்தைக் கழுவினாள். மஞ்சள் சரியாகப் போகவில்லை. அப்படியே தாம்பரம் பஸ் பிடிக்கப் போனாள்.

பெட்டிக்குள் இரண்டு தலையணைகளை வைத்துப் புடவை போர்த்தி, முகமே தெரியாதபடி மாலைகளைக் குவித்தார்கள். நாயகிகள் ஒருவழியாகச் சமாதானமாகி வந்தபோது ஸ்ம்ருதிக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. தன் அழுகையை மட்டும் தனியாக அழுது கொடுத்துவிட்டுப் போனாள்.

"நீதானே கெடுத்த? நீயே நில்லு" என்றார் பாலு.

ஸ்ம்ருதியின் புடவையைக் கட்டி, பஞ்சு வயிற்றையும் கட்டிக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டி சந்திரிகா நின்றாள். ஓவியா அவள் தோளில் விழுந்து, "அக்கா, நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் ஆலமரமே சாஞ்சிடுச்சே!" என்று கதறினாள். கட் சொன்னதும் மூக்கைச் சுருக்கினாள். "மேடம், உங்க மேல ஒரே பினாயில் நாத்தம். நெக்ஸ்ட் டேக்குக்கு முன்னாடி கொஞ்சம் சென்ட் அடிச்சுக்கோங்களேன்."

அடுத்த டேக் முடிந்ததும் சந்திரிகா வயிற்றை அவிழ்த்துக் காஸ்ட்யூம்காரரிடம் கொடுத்தாள். நாளையிலிருந்து வரமாட்டேன் என்று பாலுவிடம் சொன்னாள். அவர் விளக்கைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். கேட்டாரா என்பதே தெரியவில்லை.

அந்த வாரம் தாம்பரத்து வீட்டில் சந்திரிகாவின் அம்மா கங்கையம்மாள் அந்த எபிசோடைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓவியா அழும்போது அறை வெள்ளையாக இருந்தது. ஸ்ம்ருதி அழும்போது அதே அறை மஞ்சளாக இருந்தது. நடுவே தலையணைகள், மாலை போட்டுக்கொண்டு. "ரேட்டிங் செம, மேடம். தீபாவளிக்கு மூணு சீரியல் சங்கமம், வந்துடுங்க" என்று நிகிலிடமிருந்து சேதி வந்திருந்தது. அவன் எண்ணை பிளாக் செய்துவிட்டு, சந்திரிகா எழுந்து டிவியை அணைத்தாள்.

"ஏண்டி நிறுத்தின?" அம்மா முந்தானையால் நிஜக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "போடுடி. பெரியம்மாவ எடுக்கப் போறாங்க."

"உள்ள இருக்கறது தலையணைம்மா."

"இருந்துட்டுப் போவுது. நீ போடு."

ரிமோட்டை அம்மாவின் மடியில் போட்டுவிட்டு சந்திரிகா சமையலறைக்குப் போனாள். முன்னறையில் மறுபடி ஒப்பாரி கேட்டது. அவள் குழாயைத் திறந்து, சத்தம் அடங்கும் வரைக்கும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டே நின்றாள்.